நினைத்ததால் நடந்ததா?

பெரியம்மாவின் வீட்டில் அண்ணாவைப் பற்றி இறந்தகாலத்தில் கதைக்க முடியாது. “அண்ணாவுக்கு நண்டுக்கறி விருப்பம்” என்று சொல்லலாம். “விருப்பமாயிருந்தது” என்று சொல்லக்கூடாது. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், பெரியம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுச் சாமியறைக்குப் போவார். படங்களுக்கு முன்னால் நின்று அண்ணாவின் முழுப்பெயரையும் மூன்று தரம் சொல்வார். நடுவில் ஒரு இருமல் வந்தாலும் முதலிலிருந்து தொடங்குவார். அண்ணா, 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்து அவர் இராணுவத்திடம் கையளித்த மூத்த மகன்.

இதை ஒரு தாயின் காத்திருப்பு என்றே நான் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். காத்திருப்புத்தான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. கடந்த வருடம் ஒரு பின்னேரம், இருவரும் முற்றத்தில் இருந்தபோது, அவராகவே சொன்னார்.

“அவனைக் கொண்டுதான் நாங்கள் ஏப்ரலில வெளிக்கிடேல்ல. அங்கால போனால் ஆமி பிடிக்கும், இஞ்சால நிண்டால் இயக்கம் பிடிக்கும். ஒரு நாள் இரவு பங்கருக்குள்ள சின்னனுகள் மூண்டும் பசியில அழுதுகொண்டு கிடக்குதுகள். இவன் ஒருத்தன் இல்லையெண்டால் நாங்கள் எப்பவோ போயிருப்பம் எண்டு எனக்குள்ள ஓடினது பிள்ளை. ஒரு நொடிதான். ரெண்டு கிழமையில அவன் இல்லாமப் போட்டான். நான் நினைச்சது பலிச்சிட்டுது.”

பதினைந்து வருடங்களாக அவர் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்த ஆணைக்குழுக்கள் எல்லாவற்றின் முன்னாலும் சாட்சி சொன்னவர். போராட்டக் கொட்டகையில் படத்தோடு இருப்பவர். அங்கெல்லாம் சொன்ன கதைக்கு அடியில், தனக்குத் தானே நடத்திக்கொண்ட வேறொரு விசாரணை இருந்திருக்கிறது. அதில் குற்றவாளி அவர்தான்.

பெயர் போடாமல் எழுதலாம் என்று அவர் அனுமதி தந்தபின்தான் இதை எழுதுகிறேன்.

பலித்துவிடும் என்ற பயம்

அவர் சொன்னதும் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அதே பயத்தோடு நானும் சில வருடங்கள் வாழ்ந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்த காலம். கிளிநொச்சியில் பஸ் ஏறிவிட்டேன் என்று அம்மா போன் எடுப்பார். உடனே ஏ-9 வீதியோரம் கவிழ்ந்து கிடக்கும் பஸ் ஒன்று என் கண்ணுக்குள் வந்துவிடும். நான் அதை நினைத்துவிட்டதாலேயே அது நடந்துவிடும் என்று நெஞ்சு அடிக்கும். அந்தப் படத்தை அழிப்பதற்கு ‘முருகா’ என்று மூன்று தரம் சொல்வேன். பிறகு மூன்று போதாமல் ஒன்பது. ஒன்பது போதாமல் இருபத்தேழு. எண்ணிக்கை பிசகினால் முதலிலிருந்து. ஒரு பரீட்சைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். ஏன் என்று கேட்ட மேற்பார்வையாளரிடம் பஸ் பிந்திவிட்டது என்றேன். என் அறையிலிருந்து பரீட்சை மண்டபம் ஐந்து நிமிட நடை.

அதன்பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனேன். எனக்கு இருந்தது எண்ணச்சுழற்சி நோய். ஓசிடி என்றால் பலருக்குத் தெரியும். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது என்றுதான் அதைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருப்போம். சடங்கு முழுவதும் மனதுக்குள்ளேயே நடந்து முடிகின்ற வகையும் உண்டு. வெளியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள்.

பெரியம்மாவுக்கும் அதே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆனால் எங்கள் இருவரையும் பிடித்து வைத்திருந்த நம்பிக்கை ஒன்றுதான்.

அந்த நம்பிக்கையை உளவியலாளர்கள் எண்ணமும் செயலும் ஒன்றாகிப்போதல் என்ற கருத்தில் அழைக்கிறார்கள். கனடாவில் பணியாற்றிய ஸ்டான்லி ரக்மன், ரோஸ் ஷஃப்ரான் ஆகியோர் 1990களில் இதை வரையறுத்து, அளப்பதற்கு ஒரு வினாக்கொத்தையும் 1996இல் வெளியிட்டார்கள். அது இரண்டு வடிவங்களில் வரும். ஒன்று, நினைத்தால் நடக்கும் என்பது: அம்மாவுக்கு விபத்து என்று நினைத்துவிட்டேன், ஆகவே விபத்து நடக்கும் வாய்ப்புக் கூடிவிட்டது. மற்றது, நினைத்ததே செய்ததற்குச் சமம் என்பது: கைக்குழந்தைக்குக் கெடுதல் செய்வதுபோல் ஒரு எண்ணம் வந்தது, ஆகவே நான் அதைச் செய்தவள் போன்றவள். எண்ணச்சுழற்சி நோயில் இந்த நம்பிக்கை பலமாகக் காணப்படுகிறது. கட்டுக்கடங்காத பதகளிப்பு உள்ள மற்றவர்களிடமும் இருக்கிறது. கவலைப்படுவதை நிறுத்தினால் கெட்டது நடந்துவிடும் என்று பயந்து கவலையைக் காவல் வைத்திருப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்.

போட்டு வாறன்

இது எங்கிருந்தோ வந்த விசித்திரமான நம்பிக்கை அல்ல. நாம் வளர்ந்ததே அதற்குள்தான். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்கிறோம். சாவு, நோய் பற்றிக் கதை எடுத்தால் “அச்சானியம் பிடிச்ச கதை கதையாதை” என்று வாயை அடைப்பார்கள். கரிநாக்கு உள்ளவர் என்று ஊரில் ஒருவராவது இருப்பார். நாவூறு கழிப்பதற்கு எல்லா வீட்டிலும் உப்பும் மிளகாயும் இருக்கும்.

இவை நோய் அல்ல. ‘போட்டு வாறன்’ என்று ஒருதரம் சொன்னதும் விடயம் முடிந்துவிடுகிறது. சொன்னவர் படலையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். நோயில் அது முடிவதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஊர் வழக்கம் பெரும்பாலும் வாயைத்தான் கட்டச் சொன்னது. வாயைக் கட்டலாம். மனதைக் கட்ட முடியாது.

நினைப்புக்குச் செயலின் மதிப்பைக் கொடுக்கும் கதைகளையும் கேட்டு வளர்ந்தோம். சைவசமய பாடத்தில் பூசலார் நாயனாரைப் படிக்காதவர் இல்லை. திருநின்றவூரில் அவர் மனதுக்குள் கட்டிய கோயிலுக்காக, காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்னாராம் சிவபெருமான். நல்ல நினைப்பு கல்லுக் கோயிலுக்குச் சமம் என்றால், கெட்ட நினைப்பு எதற்குச் சமம் என்று ஒரு பிள்ளை கேட்டுக்கொள்ளாதா? எண்ணத்தாலும் பாவம் செய்யலாம் என்று மறைக்கல்வியில் படித்த மன்னார் நண்பர் ஒருவர், ஒரே எண்ணத்துக்காக ஒரே கிழமையில் மூன்று தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறார். இயேசு சபையை நிறுவிய புனித இக்னேசியஸ் லொயோலாவே இத்தகைய ஓயாத பாவ அச்சத்தால் வதைபட்டவர். இஸ்லாமியர் ‘வஸ்வாஸ்’ என்று சொல்லி, அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

பூசலார் கதையிலேயே பதிலும் இருக்கிறது. அவர் நாள் பார்த்து, கல்லும் மரமும் தச்சரும் மனதால் தேடி, ஒவ்வொன்றாக விரும்பிக் கட்டினார். அது அவருடைய விருப்பம், அவருடைய உழைப்பு. பங்கருக்குள் ஒரு நொடி ஓடி மறைந்தது பெரியம்மாவின் விருப்பம் அல்ல. விரும்பியதாக இருந்தால் அது அவரைப் பதினைந்து வருடம் சுட்டிருக்காது. ஒருவர் எதை ஆகப் பெரிதாக மதிக்கிறாரோ, அதற்கு எதிரான எண்ணம்தான் அவரை ஆக அதிகம் வருத்தும். குழந்தையை உயிராக நேசிக்கும் தாய்க்குத்தான் குழந்தைக்குக் கெடுதல் என்ற எண்ணம் நடுக்கத்தைத் தருகிறது.

யாருக்கு வராது?

கிணற்றடியில் குழந்தையோடு நிற்கும்போது, ‘கை தவறினால்?’ என்று வந்து போகிறது. கோயில் மூலஸ்தானத்தின் முன்னால் கூடாத வார்த்தை ஒன்று மனதில் எழுகிறது. நோயில் படுத்திருக்கும் தகப்பனைப் பராமரித்துக் களைத்த மகளுக்கு, ‘முடிந்தால் நல்லது’ என்று தோன்றுகிறது. இப்படி வருவது தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ரக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உடைத்தது. எந்த நோயும் இல்லாத சாதாரண மக்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 80 வீதமானோர் தமக்கும் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். அவற்றின் உள்ளடக்கமும் நோயாளர்களின் எண்ணங்களைப் போலவே இருந்தது. 2014இல் 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களிடம் செய்த ஆய்வில், கடந்த மூன்று மாதங்களுக்குள் அப்படி ஒரு எண்ணமாவது வந்தது என்றவர்கள் ஏறத்தாழ 94 வீதம்.

ஆகவே எண்ணம் வருவது நோய் அல்ல. வந்த எண்ணத்துக்கு என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது. ஒருவர் ‘என்ன விசர் யோசனை’ என்று விட்டுவிட்டுத் தண்ணீர் அள்ளுகிறார். மற்றவர் ‘இப்படி நினைத்த நான் யார்?’ என்று நின்றுவிடுகிறார்.

நின்றவர் அந்த எண்ணத்தைத் துரத்தப் பார்க்கிறார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் குரங்குதான் வரும் என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரியும். அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லி அதையே பரிசோதித்துக் காட்டினார். துரத்த முடியாதபோது சடங்கு வருகிறது: முருகா மூன்று தரம், முழுப்பெயர் மூன்று தரம். சொன்னதும் நெஞ்சு இறங்குகிறது. அம்மாவும் சுகமாக வந்து சேர்கிறார். உடனே மனம் கணக்கு எழுதுகிறது: நான் சொன்னதால்தான் வந்தார். சொல்லாவிட்டாலும் வந்திருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு தரமும் பறிபோகிறது. அதனால்தான் மூன்று ஒன்பதாகிறது.

ரக்மன் குழுவினர் 1996இல் செய்த ஒரு பரிசோதனையில், நினைத்தால் நடக்கும் என்று பலமாக நம்பிய மாணவர்களிடம், தமக்கு வேண்டிய ஒருவரின் பெயரைப் போட்டு, அவர் வாகன விபத்தில் சிக்க வேண்டும் என்று விரும்புவதாக ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள். எல்லோருக்கும் பயம் ஏறியது. சிலரை அதற்கு உடனே தமக்குத் தெரிந்த பரிகாரத்தைச் செய்ய விட்டார்கள். மற்றவர்களை 20 நிமிடங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்க வைத்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் பயம் இறங்கிவிட்டது. பயம் தானாகவே இறங்கும். பரிகாரம் செய்பவருக்கு மட்டும் அது தெரியாமல் போகிறது.

போர் சொன்ன பொய்ச்சாட்சி

கனடாவின் மாணவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் நினைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் நினைத்தோம், நடந்தது.

இதை நான் என் வைத்தியரிடம் சொன்னேன். வாதாடுவது போலத்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “2009இல அந்த மாசங்களில நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?” என்று கேட்டார். “ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகக்கூடாது எண்டு” என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

அந்தக் கடற்கரையில் இருந்த ஒவ்வொருவரும் அதைத்தான் நினைத்தோம். தேவாரம் பாடினோம், செபமாலை சொன்னோம். நினைப்புக்குச் சக்தி இருந்திருந்தால் ஒரு ஷெல்லாவது கடலுக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் அப்படித்தான். தண்ணீருக்குப் போனவர், கஞ்சி வரிசையில் நின்றவர், விறகு பொறுக்கப் போனவர் என்று ஒவ்வொருவரின் சாவையும் நாளுக்குப் பலதரம் நினைத்தோம். ஆகவே யார் இறந்தாலும் அதற்கு முன்னால் யாரோ ஒருவரின் நினைப்பு இருந்தே தீரும். நினைத்தும் தப்பியவர்களை மனம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பங்கருக்குள் பெரியம்மா மற்ற மூன்று பிள்ளைகளின் சாவையும்தான் நினைத்தார். மூவரும் இருக்கிறார்கள். ஒருவர் பிரான்சில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

மோசமானதை முன்கூட்டி நினைத்தவர்கள் பிழைத்தார்கள் என்பதும் உண்மைதான். கிபிர் சத்தம் தூரத்தில் கேட்டவுடன் எங்கே விழும் என்று நினைத்தவர் தப்பினார். ஆனால் அவரைக் காப்பாற்றியது நினைப்பு அல்ல. பங்கருக்குள் குதித்த கால்கள். போர் முடிந்தபின் குதிக்கப் பங்கர் இல்லை. நினைப்பு மட்டும் மிஞ்சி, தானே காவல் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

பிறகு ஏன் இந்தக் குற்றவுணர்வை விட முடியவில்லை? அது ஒரு காரணத்தைத் தருகிறது. என் நினைப்பால் நடந்தது என்றால், வேறு மாதிரி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றாகிறது. என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை என்பதைவிட அது சிலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. வட்டுவாகலில் பெயர் பதிந்தவர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். கட்டளை கொடுத்தவர்கள் இருந்தார்கள். மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்ள, பசித்த பிள்ளைகளோடு பங்கருக்குள் ஒரு நொடி களைத்துப்போன தாய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். செய்தவர் வேறு, நினைத்தவர் வேறு. இதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவம் மட்டுமல்ல, நியாயமும் கூட.

எது நோய், எது நோயல்ல

காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மறுப்பது நோய் அல்ல. தேடுவதும், விளக்கேற்ற மறுப்பதும், இருக்கிறான் என்று சொல்வதும் நோய் அல்ல. உடலும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் ஏற்படும் இழப்பை அமெரிக்காவின் போலின் பொஸ், 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு பழகியபின், ‘தெளிவற்ற இழப்பு’ என்று அழைத்தார். கோளாறு அந்தச் சூழ்நிலையில்தான் இருக்கிறது, அதைச் சுமப்பவரில் அல்ல என்பதே அவர் நிலைப்பாடு.

எண்ணங்களும் அவற்றுக்கான சடங்குகளும் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால், அல்லது படிப்பு, வேலை, சாப்பாடு, நித்திரையைக் குழப்பினால், அப்போது வைத்தியரைப் பார்க்க வேண்டும். புளுவொக்சற்றீன், குளோமிப்பிறமின் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. பலன் தெரிய வாரங்கள், சிலவேளை இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். இடையில் தாமாக நிறுத்தக்கூடாது. மாத்திரையோடு, பயத்துக்கு முகம் கொடுத்துச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.

எனக்கு அது இப்படி நடந்தது. ‘இன்றைக்கு அம்மா வரும் பஸ் கவிழும்’ என்று ஒரு துண்டில் எழுதி, அதைப் பையில் வைத்துக்கொண்டு, முருகா சொல்லாமல் இருக்க வேண்டும். எழுதும்போது கை நடுங்கியது. பின்னேரம் அம்மா ஒரு பை பனங்கிழங்கோடு வந்து, கண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை என்று ஏசிக்கொண்டு நின்றார். அம்மா வந்தது சிகிச்சை அல்ல. வரும்வரை சொல்லாமல் இருந்ததுதான் சிகிச்சை. இதைச் சிறிதிலிருந்து படிப்படியாக, பயிற்சி பெற்றவரின் துணையோடுதான் செய்ய வேண்டும். உறவைத் தொலைத்த ஒருவரிடம் ‘மகன் இல்லை என்று எழுதுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் மறுபடி போக வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது மகனைப் பற்றிய நம்பிக்கையை அல்ல, அந்த ஒரு நொடி நினைப்பைப் பற்றிய நம்பிக்கையை.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு விடயம். “ஒண்டும் நடக்காது” என்று நாளுக்குப் பத்துத் தரம் ஆறுதல் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த ஆறுதலே இன்னொரு சடங்காகிவிடும். “பயமாயிருக்குது என்ன, நான் பக்கத்தில இருக்கிறன்” என்பது போதும். ‘விசர் வேலை’ என்று சிரிப்பதும், நேர்த்தி வைத்தால் போகும் என்பதும் உதவாது.

வடக்குக் கிழக்கில் போதனா, மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக்குகள் நடக்கின்றன, சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பெரியம்மா கிளினிக்குக்குப் போகத் தொடங்கி ஏழு மாதமாகிறது. இடையில் ஒருநாள் கொட்டகையில் பக்கத்தில் இருந்த தாய் ஒருவரிடம் அந்தப் பங்கர் இரவைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் கனநேரம் பேசவில்லையாம். பிறகு, “எனக்கு வந்ததை நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல அக்கா” என்றாராம்.

அண்ணாவைப் பற்றி இறந்தகாலத்தில் கதைக்க இப்போதும் அனுமதி இல்லை. அது அவருடைய உரிமை. போன ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது நான்தான் வாய்தவறி, “அண்ணாவுக்கு இது எவ்வளவு விருப்பமாயிருந்தது” என்றேன். “விருப்பம் எண்டு சொல்லு” என்று திருத்தினார். எழும்பிப் போகவில்லை. அடுத்த நண்டை எடுத்துக் கழுவினார்.